கேளுங்க சொல்றேன்: கோல்ட் ரூம் கதவும் காணாம போன 8 மணி நேரமும்

கேள்வி: அண்ணே வணக்கம். செனோக்கோ பக்கம் ஒரு சென்ட்ரல் கிச்சன்ல மெயின்டனன்ஸ் பாக்குறேன். மொத்தம் 14 கோல்ட் ரூம், எல்லாத்துலயும் சென்சார் மாட்டியாச்சு, 10 செகண்டுக்கு ஒரு தடவை டெம்பரேச்சர் அனுப்புது. யாராச்சும் கதவை ஒழுங்கா சாத்தாம போயிட்டா உடனே போனுக்கு மெசேஜ் வரணும்னு பாஸ் கேக்குறாரு. பாலிடெக்னிக்ல படிச்ச எஸ்க்யூஎல் (டேபிள்ல இருக்குற டேட்டாகிட்ட கேள்வி கேக்குற மொழி) ஒண்ணுதான் எனக்கு வரும், ஜாவா எல்லாம் வராது. எஸ்க்யூஎல் மட்டும் வெச்சே க்ளவுட்ல இதை செஞ்சிடலாம்னு கூட்டாளி சொல்றான். நெஜமாவா? எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது? (உட்லண்ட்ஸ் வாசகர்)

பதில்: நெஜம்தான் தம்பி, உங்க கூட்டாளி பொய் சொல்லல, ஆனா பாதியைத்தான் சொல்லியிருக்காரு. எஸ்க்யூஎல் எழுதுறது இதுல சின்ன வேலை, நேரத்தை சரியா புடிக்கிறதுதான் பெரிய வேலை, அதுல நானே ஒரு சனிக்கிழமையை தொலைச்சிருக்கேன், அந்தக் கதைக்கு அப்புறம் வர்றேன்.

முதல்ல கணக்கு. ஒரு ரூமுக்கு நிமிஷத்துக்கு 6 ரீடிங், 14 ரூமுக்கு 84, ஒரு நாளைக்கு 1,20,960 வரி. பாக்க பெருசா தெரியும், க்ளவுட்டுக்கு இதெல்லாம் கொசு. பாலிடெக்னிக்ல நீங்க படிச்ச எஸ்க்யூஎல்ல டேபிள் ஒரு இடத்துல உக்காந்திருக்கும், நீங்க போய் கேள்வி கேப்பீங்க, பதில் வந்ததும் வேலை முடிஞ்சுது. இங்க அப்படியே தலைகீழ், கேள்வியை ஒரு தடவை எழுதி உக்கார வெச்சிடுறீங்க, ரீடிங் ஒவ்வொண்ணா அது முன்னாடி வந்து நின்னுட்டு போகுது, நீங்க நிறுத்துற வரைக்கும் பதில் வந்துக்கிட்டே இருக்கும்.

நான் மைக்ரோசாஃப்ட்டோட க்ளவுட்டான அஸ்யூர் வெச்சு சொல்றேன், எனக்கு கை பழகினது அதுதான். மூணு துண்டு வேணும். ரீடிங் வந்து விழறதுக்கு ஒரு ஈவென்ட் ஹப், நடுவுல எஸ்க்யூஎல் ஓடுறதுக்கு ஸ்ட்ரீம் அனலிடிக்ஸ் ஜாப், கடைசியில பதில் போய் சேர ஒரு இடம். உங்களுக்கு போன் மெசேஜ் வேணும்னா பதிலை ஒரு ஃபங்க்ஷனுக்கு (க்ளவுட்லயே ஓடுற குட்டி ப்ரோகிராம்) அனுப்பி அங்கேர்ந்து டெலிகிராமுக்கு தள்ளலாம், அந்த ஃபங்க்ஷன்ல மட்டும் பத்து இருபது வரி கோட் வரும், அதுக்கு உங்க கூட்டாளியையே புடிங்க, அவருதானே ஆரம்பிச்சு வெச்சாரு. ரீஜன் கேக்கும்போது சவுத்ஈஸ்ட் ஏஷியா எடுங்க, அதுதான் சிங்கப்பூர். பேரைப் பாத்து ஈஸ்ட் ஏஷியாவை க்ளிக் பண்ணிட்டீங்கன்னா உங்க கோழி டெம்பரேச்சர் ஹாங்காங் போயிட்டு வரும்.

அடுத்து விண்டோ. வந்துக்கிட்டே இருக்குற டேட்டாவுக்கு ஆவரேஜ் எடுன்னா எதுலேர்ந்து எது வரைக்கும்னு அதுக்கு தெரியாது, நீங்கதான் நேரத்தை வெட்டி குடுக்கணும். கிச்சன்ல ஷிப்டு இருக்குல்ல, காலை ஷிப்டு முடிஞ்சாத்தான் மத்தியான ஷிப்டு, ஒரே ஆளு ரெண்டுலயும் கணக்கு வரமாட்டாரு, அது டம்ப்ளிங் விண்டோ. ஹாப்பிங் விண்டோ அப்படி இல்ல, 10 நிமிஷ துண்டை ஒரு நிமிஷத்துக்கு ஒரு தடவை நகத்திக்கிட்டே போகும், ஒரே ரீடிங் 10 துண்டுல வரும். ஸ்லைடிங், செஷன்னு இன்னும் இருக்கு, உங்க வேலைக்கு தேவையில்ல, விடுங்க.

உங்களுக்கு வேண்டியது ஹாப்பிங். எல்லாரும் முதல்ல பண்ற தப்பு, 5 டிகிரிக்கு மேல ஒரு ரீடிங் வந்ததும் மெசேஜ் அனுப்புன்னு எழுதிடுவாங்க. லாரி வந்து சாமான் ஏத்தும்போது கதவு திறந்துதான் இருக்கும், காத்து சூடாகத்தான் செய்யும், அன்னைக்கே நாப்பது மெசேஜ் வந்து ரெண்டாவது நாள் எல்லாரும் மியூட் பண்ணிடுவாங்க. ஆவரேஜும் சரி வராது, நடுவுல ரெண்டு ரீடிங் எகிறினா அதையும் சேத்து இழுத்துக்கிட்டு போயிடும். நான் எடுக்கறது மினிமம். 10 நிமிஷத்துல வந்த ரீடிங்லயே ஆகக் குறைஞ்சது கூட 5 டிகிரிக்கு மேலன்னா அந்த ரூம் ஒரு தடவை கூட குளிர்ச்சிக்கு திரும்பலன்னு அர்த்தம், கதவு திறந்து கெடக்கு இல்ல கம்ப்ரஸர் போச்சு. இந்த 5 நான் சும்மா புடிச்ச நம்பர் இல்ல, சிங்கப்பூர் உணவு அமைப்பு 5லேர்ந்து 60 டிகிரி வரைக்கும்தான் ஆபத்தான வெப்பநிலைன்னு சொல்லுது, உங்க ஃப்ரீசர் ரூமுக்கு மட்டும் வேற நம்பர் போட்டுக்கணும்.

க்வெரி, அதாவது நீங்க எழுதி வெக்கிற கேள்வி, வாயால படிச்சா இப்படி வரும்: செலக்ட் ரூம், மினிமம் டெம்பரேச்சர், இன்டூ அலர்ட், ஃப்ரம் சென்சார், டைம்ஸ்டாம்ப் பை ரீடிங் எடுத்த நேரம், குரூப் பை ரூம் அப்புறம் ஹாப்பிங் விண்டோ 10 நிமிஷம் 1 நிமிஷம், ஹேவிங் மினிமம் டெம்பரேச்சர் 5க்கு மேல ஆண்ட் கவுன்ட் 50க்கு மேல. கடைசி கவுன்ட் எதுக்குன்னா 10 நிமிஷத்துல 60 ரீடிங் வரணும், ரெண்டே ரெண்டு ரீடிங் வந்து ரெண்டும் 6 டிகிரின்னா அதை நம்பி ராத்திரி ஒரு மணிக்கு ஆளை எழுப்ப முடியாது. ரூம் டிஃப்ராஸ்ட் (உள்ள படிஞ்ச ஐஸை கரைக்கிறது) எவ்ளோ நேரம் ஓடும்னு ஏர்கான் ஆளுகிட்ட கேட்டுக்குங்க, அது 10 நிமிஷத்தை தாண்டும்னா விண்டோவை பெருசாக்கி கவுன்ட்டையும் அதுக்கேத்த மாதிரி ஏத்துங்க. இன்னொண்ணு, கதவு சாத்தாத வரைக்கும் இந்த க்வெரி நிமிஷத்துக்கு ஒரு வரி துப்பிக்கிட்டே இருக்கும், ஏற்கனவே சொன்ன ரூமா, அப்ப அரை மணி நேரம் சும்மா இருன்னு அந்த ஃபங்க்ஷன்ல போட்டு வைங்க, இல்லன்னா பாஸ் போன் விடிய விடிய அடிக்கும்.

இப்ப அந்த சனிக்கிழமை. சில வருஷம் முன்னாடி ஒரு கிடங்குக்கு இதே வேலை செஞ்சு குடுத்தேன். ஜாப் பச்சையா ஓடுது, உள்ள வர்ற ஈவென்ட் எண்ணிக்கை ஏறுது, வெளிய போறது பூஜ்யம். க்வெரியை நாலு விதமா மாத்தி எழுதினேன், மாத்தறதுக்கு ஒவ்வொரு தடவையும் ஜாப்பை நிறுத்தி திரும்ப கிளப்பணும், கோப்பி வாங்கிட்டு வந்து ஆறிப்போனதுதான் மிச்சம். சாயந்திரம்தான் விளங்குச்சு, சென்சார் பாக்ஸ் நம்ம ஊரு நேரத்தை மொட்டையா அனுப்புது, க்ளவுட்டு அதை யூடிசின்னு (உலகப் பொது நேரம், நம்ம நேரத்துக்கு 8 மணி நேரம் பின்னாடி) எடுத்துக்குது. மத்தியானம் 2 மணி ரீடிங் வந்து சேரும்போது யூடிசியில காலை 6 மணி, அப்ப க்ளவுட்டு கணக்குல அது 8 மணி நேரம் கழிச்சு நடக்கப்போற சங்கதி. வந்து சேர்ற நேரத்தை விட 5 நிமிஷத்துக்கு மேல தள்ளி, இனிமே வரப்போற நேரம் போட்டிருந்தா ஸ்ட்ரீம் அனலிடிக்ஸ் சத்தமே இல்லாம தூக்கி போட்டுடும். மெட்ரிக்ஸ் பக்கத்துல எர்லி இன்புட் ஈவென்ட்ஸ்னு ஒரு எண்ணிக்கை இருக்கு, அதைத் திறந்து பாத்திருந்தா மத்தியானமே வீட்டுக்கு போயிருக்கலாம். பாக்ஸ்லயே யூடிசி வெச்சிடுங்க, இல்லன்னா நேரத்தோட வாலுல பிளஸ் 8 சேத்து அனுப்புங்க. (எங்கப்பா சொல்வாரு, 1982 பொறக்குற வரைக்கும் இங்க பொது நேரத்தை விட ஏழரை மணி நேரம்தான் முன்னாடியாம், கடியாரத்தை அரை மணி தள்ளி வெச்ச ராத்திரி அவருக்கு நைட் ஷிப்டு. நல்லவேளை அப்ப சென்சார் இல்ல.)

இந்தப் பிரச்சனைக்கு கூடப்பொறந்தது ஒண்ணு இருக்கு, ரீடிங் லேட்டா வர்றது. ஊர்லேர்ந்து பொங்கலுக்கு போட்ட வாழ்த்து தைப்பூசத்துக்கு வந்து சேர்ற மாதிரி. உங்க பேஸ்மென்ட் ரவுட்டர் 20 நிமிஷம் படுத்துச்சுன்னா, எந்திரிச்சதும் சேத்து வெச்ச ரீடிங்கை எல்லாம் ஒரேடியா அனுப்பும். ஸ்ட்ரீம் அனலிடிக்ஸ் தானா வெச்சிருக்குற பொறுமை வெறும் 5 செகண்டு, அதுக்கு மேல லேட்டா வந்ததை தூக்கிப் போடாது, ஆனா நேரத்தை மாத்தி இப்பத்தான் நடந்த மாதிரி எழுதிக்கும், அப்ப 20 நிமிஷ ரீடிங் மொத்தமும் ஒரே இடத்துல குவிஞ்சு கெடக்கும். ஈவென்ட் ஆர்டரிங்னு ஒரு பக்கம் இருக்கு, அங்க இந்த பொறுமையை கூட்டலாம், ஆனா அள்ளி குடுத்தீங்கன்னா லேட்டா வர்றது இருக்கும்போது பதிலும் அந்த அளவுக்கு லேட்டாகலாம். நான் ஒரு நிமிஷம் குடுப்பேன், ரவுட்டர் படுத்த கதையை தனியா பாத்துக்குவேன்.

தனியான்னா, செத்துப்போன சென்சார் மெசேஜே அனுப்பாது, வரி இல்லாத ரூமுக்கு குரூப் பை பதிலும் தராது, எல்லாம் நல்லா இருக்குன்னு நெனச்சுக்கிட்டு இருப்பீங்க. அதே ஜாப்ல ரெண்டாவதா ஒரு செலக்ட் எழுதி 5 நிமிஷத்துல எத்தனை வேற வேற ரூம் பேசுச்சுன்னு கவுன்ட் டிஸ்டிங்க்ட் எடுங்க, 14க்கு கொறஞ்சா மெசேஜ். 14ம் சேந்து அடங்கிட்டா இதுவும் பேசாது, அதுக்கு ஈவென்ட் ஹப்புக்குள்ள மெசேஜ் வரவே இல்லன்னா கத்துற மாதிரி அஸ்யூர் மானிட்டர்ல ஒரு அலர்ட் வெச்சிடுங்க.

காசு விஷயம். ரீடிங் வந்தாலும் வராட்டியும் ஜாப் ஓடுற நேரத்துக்கு ஸ்ட்ரீமிங் யூனிட் (ஜாப்புக்கு குடுக்குற கம்ப்யூட்டர் பலத்தோட அளவு) கணக்குல ஏறும். உங்களுக்கு இருக்குறதுலயே சின்னது போதும், யூனிட்டுல மூணுல ஒரு பங்கு. பழகற வரைக்கும் ஜாப்பை ஸ்டார்ட்டே பண்ணாதீங்க, சாம்பிள் ஃபைலை ஏத்தி டெஸ்ட் க்வெரி அழுத்தினா அங்கேயே பதிலைக் காட்டும்.

கேள்வி: வீடியோ பாத்து அமேசான் க்ளவுட்ல கினீசிஸ் டேட்டா அனலிடிக்ஸ் எஸ்க்யூஎல் அப்ளிகேஷன் செய்யப் பாக்கறேன், வீடியோல இருக்குற பட்டன் என் ஸ்க்ரீன்ல இல்லவே இல்ல. என் அக்கவுன்ட்ல ஏதும் கோளாறா? (பொங்கோல் வாசகி)

பதில்: உங்க அக்கவுன்ட்ல ஒண்ணும் இல்லம்மா, வீடியோதான் பழசு. 2025 அக்டோபர் 15லேர்ந்து அதுல புது எஸ்க்யூஎல் அப்ளிகேஷன் செய்ய முடியாதுன்னு அமேசான் சொல்லிடுச்சு, இருக்குற பழசுக்கும் 2026 ஜனவரி 27ன்னு கெடு வெச்சாங்க. பம்ப், செலக்ட் ஸ்ட்ரீம்னு அந்தப் பழைய எஸ்க்யூஎல் வார்த்தையெல்லாம் வீடியோல வந்தா மூடிட்டு எந்திரிங்க. இப்ப அங்க இருக்குறது அப்பாச்சி ஃப்ளிங்க், வந்துக்கிட்டே இருக்குற டேட்டாவை அலசுற மென்பொருள், அதுலயும் எஸ்க்யூஎல் எழுதலாம், டேபிளை எழுதும்போதே எது நேரம், எவ்ளோ லேட்டு வரைக்கும் பொறுக்கணும்னு வாட்டர்மார்க்ல சொல்லிடணும், மேல உட்லண்ட்ஸ் தம்பிக்கு சொன்ன அதே பிரச்சனைக்கு இங்க அதுதான் பேரு. ஃப்ளிங்க் ஓப்பன் சோர்ஸ்ங்கறதால லேப்டாப்லயே போட்டு பழகலாம், பில்லு வராது.

கேள்வி: பழக டேட்டா எங்க கெடைக்கும்? ஆபீஸ் டேட்டாவை வெளிய எடுக்க விடமாட்டாங்க. (ஜூரோங் வெஸ்ட் வாசகர்)

பதில்: எடுக்கவும் கூடாது ஐயா, வேலை போயிடும். அரசாங்கத்தோட டேட்டா தளத்துல தீவு முழுக்க இருக்குற மழைமானி ரீடிங் 5 நிமிஷத்துக்கு ஒருமுறை இலவசமா வருது. அது தானா வந்து கொட்டாது, சின்ன ஸ்க்ரிப்ட் வெச்சு நீங்கதான் எடுத்து ஈவென்ட் ஹப்புக்குள்ள தள்ளணும். மதியம் ஜூரோங்ல கொட்டி சாங்கியில வெயில் அடிக்கிற நாளா பாத்து, ஒரு மணி நேர ஹாப்பிங் விண்டோல ஸ்டேஷன் வாரியா கூட்டிப் பாருங்க, எந்த ஸ்டேஷன்ல எப்ப எவ்ளோ மழைன்னு வரி வரியா தெரியும்.