சாயப்பட்டறை ஊரில் உங்கள் மகளுக்கு வேலை இருக்கிறது

அம்மா, மகள் சுற்றுச்சூழல் பொறியியல்தான் படிப்பேன் என்கிறாள், லாபம் பார்க்கும் கம்பெனியில் இவளுக்கு யார் வேலை தருவார்கள் என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான பயம்தான். பதிலுக்குத் திருப்பூரைப் பார்க்கலாம்.

பருத்தித் துணியில் சாயம் ஏற நிறைய உப்பு வேண்டும். அந்த உப்புக் கழிவு வருடக்கணக்காக நொய்யல் ஆற்றில் கலந்து, பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையையே சாயக்குட்டையாக்கியது. விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பட்டறை முதலாளிகளில் பலர் அந்த மண்ணில் பிறந்தவர்கள், காடு தோட்டம் பார்த்த குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். ஊர்ப்பாசம் மட்டும் ஆற்றைக் காப்பாற்றவில்லை என்பதை உங்களிடம் மறைக்க மாட்டேன்.

ஆனால் மூடிய பிறகு அந்தப் பாசம்தான் கைகொடுத்தது என்பது என் கருத்து. சாய வேலையை வெளியூருக்கு அனுப்பியவர்களும் உண்டு. வீடும் சொந்தபந்தமும் அங்கேயே இருந்தவர்களுக்கு ஊரை விட்டுப் போக மனம் வருமா? பொது சுத்திகரிப்பு நிலையங்களில் பட்டறைக்காரர்களே பங்குதாரர்கள். அங்கே கழிவை ஆர்.ஓ. என்னும் நுண்சவ்வில் வடிகட்டி, மிஞ்சுவதை ஆவியாக்கி, 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீரைத் திரும்ப எடுக்கிறார்கள். உப்புக் கரைசலும் மறுபடி சாயத்துக்கே போகிறது. பக்கத்துப் பட்டறையில் ஒரு புது வழி பலித்தால், மறுவாரமே நேரில் போய்ப் பார்த்துவிட முடிகிற ஊர் அது.

இன்னும் தீராத சிக்கல்களும் இருக்கின்றன. பயன்படுத்த முடியாத கலப்பு உப்பு, சுத்திகரிப்பில் சேரும் சேறு, ஆவியாக்க ஆகும் எரிபொருள் செலவு. உங்கள் மகளுக்கான வேலை சரியாக இங்கேதான் இருக்கிறது.

அதனால் இளநிலையில் வேதிப் பொறியியலோ ஜவுளி வேதியியலோ எடுக்கட்டும், சுற்றுச்சூழலை முதுநிலையில் படிக்கலாம். தொழில் தெரிந்த பிள்ளையைத்தான் பட்டறைக்காரர்கள் நம்புவார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத் தேர்வுக்கும் அந்தப் படிப்பு உதவும்.

அப்புறம் ஒன்று. பயிற்சிக்குக் கம்பெனி தேடும்போது, முதலாளி எந்த ஊரில் குடியிருக்கிறார், சுத்திகரிப்பு நிலையத்துக்கு மாதம் எத்தனை முறை வருகிறார் என்று அங்கே வேலை செய்பவர்களிடம் விசாரிக்கச் சொல்லுங்கள். விடுமுறையில் ஒரு நாள் நீங்களும் கூடப் போய், நிலையத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள்.