ஃபிராங்கி லைமனும் மற்ற நால்வரும்

அன்புள்ள ஐயா,

யூடியூபில் தற்செயலாக 'ஒய் டூ ஃபூல்ஸ் ஃபால் இன் லவ்' பாட்டைக் கேட்டேன். பாடிய ஃபிராங்கி லைமனுக்கு அப்போது 13 வயதாம். பாட்டை எழுதியதும் அவனே என்று கீழே போட்டிருந்தார்கள். 25 வயதில் ஹெராயினால் இறந்துவிட்டானாம். அப்படி ஒரு குரலை வைத்துக்கொண்டு பிறகு ஏன் மேலே வரமுடியாமல் போனது? போதைதான் காரணமா?

கா., ஈரோடு

அன்புள்ள கா.,

போதையும் ஒரு காரணம்தான், ஆனால் அதற்கு முன்பே காரியம் கெட்டுவிட்டது என்பது என் எண்ணம். அந்தப் பாட்டை இன்னொரு முறை போட்டு, பையன் வாயைத் திறப்பதற்கு முன்னால் வரும் சில நொடிகளை மட்டும் கேளுங்கள். அடித்தொண்டையில் அர்த்தமில்லாத அசைகளை உருட்டிக்கொண்டு ஒரு குரல் தனியாக வருகிறதே, அது ஷெர்மன் கார்ன்ஸ். டூ-வாப் என்றாலே அதுதான். வாத்தியம் வாங்கக் காசில்லாத பையன்கள் தெருமுனையிலும் பள்ளிக்கூட நடையிலும் நின்று, ஒருவன் பேஸ் கிடாரைப் போலவும் மற்றவர்கள் பின்னணி வாத்தியங்களைப் போலவும் குரலாலேயே ஈடுகட்டிய இசை. கார்ன்ஸ், ஹெர்மன் சாண்டியாகோ, ஜிம்மி மெர்ச்சன்ட், ஜோ நெக்ரோனி, இவர்களோடு லைமன், இந்த ஐந்து பேர் குழுவின் பெயர்தான் டீனேஜர்ஸ். நியூயார்க்கின் ஹார்லெம் பக்கம் ஒரே பள்ளிக்கூடத்துப் பையன்கள், மூன்று பேர் கறுப்பர்கள், இரண்டு பேர் போர்ட்டோ ரிக்கோக்காரர்கள். முதலில் முன்பாடகர் சாண்டியாகோதான், லைமன் அப்புறம் வந்து சேர்ந்தவன்.

1956 ஜனவரியில் ஜார்ஜ் கோல்ட்னரின் ஜீ ரெக்கார்ட்ஸ் இந்தப் பாட்டை வெளியிட்டது. அமெரிக்க பாப் பட்டியலில் ஆறாம் இடம், பிரிட்டனில் முதலிடம். உடனே எல்லாருடைய கண்ணும் அந்தச் சின்னப் பையன் மேல் விழுந்தது. 1957-இல் அவனைத் தனியாகப் பிரித்தார்கள். 'குடி குடி' (Goody Goody) என்ற பாட்டின் இசைத்தட்டில் குழுவின் பெயர் இருந்தது, ஆனால் பின்னால் பாடியவர்கள் கூலிக்கு வந்த ஸ்டூடியோ பாடகர்கள்! அதே வருஷம் ஆலன் ஃப்ரீடின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவன் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணோடு ஆடிவிட்டான் என்று தென்மாநில நிலையங்கள் குதித்தன, நிகழ்ச்சியே நின்றுபோனது. கொஞ்ச நாளில் மகரக்கட்டும் உடைந்தது. குரல் மாறும் வயதில் ஒரு பையனுக்குக் கூடப் பாடும் நாலு குரல்கள்தான் மறைப்பு, அதைத்தான் முதலில் பிடுங்கிவிட்டார்களே. இந்தப் பக்கம் டீனேஜர்ஸும் வேறு முன்பாடகரை வைத்துப் பார்த்தார்கள், எடுபடவில்லை. 1968 பிப்ரவரியில் ஹார்லெமில் பாட்டி வீட்டுக் குளியலறையில் லைமன் இறந்து கிடந்தான்.

அடுத்து, எழுதியது யார் என்ற விஷயம். தொடக்கத்தில் வந்த தட்டுகளில் லைமன், சாண்டியாகோ, கோல்ட்னர் என்று மூன்று பெயர்கள். பிறகு சாண்டியாகோ காணாமல் போனார். கோல்ட்னர் தன் கம்பெனிகளை மாரிஸ் லெவிக்கு விற்றதும் லெவியின் பெயர் ஏறியது, அவர் ஒரு வரி எழுதியிருப்பார் என்று நீங்களும் நம்பமாட்டீர்கள், நானும் நம்பவில்லை. 1981-இல் டயானா ராஸ் இதே பாட்டைப் பாடி அது ஓடியதும் ராயல்டிக்கு மதிப்பு வந்தது, லைமனின் மனைவி நான்தான் என்று மூன்று பெண்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். சட்டப்படி மனைவி எமிரா ஈகிள் என்று கடைசியில் தீர்ப்பானது. லைமனைப் பற்றிய திரைப்படம்கூட இந்த மூன்று மனைவியர் கதையாகத்தான் வந்தது.

எனக்கு வயிறு எரிவது இன்னொரு வழக்கை நினைத்துத்தான். பாட்டை எழுதியவர்கள் நாங்கள் என்று சாண்டியாகோவும் மெர்ச்சன்ட்டும் வழக்குப் போட்டு 1992-இல் ஜெயித்தார்கள். 1996-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. அவர்கள் எழுதவில்லை என்று சொல்லி அல்ல, மூன்று வருஷத்துக்குள் கேட்டிருக்க வேண்டும், காலம் கடந்துவிட்டது என்று சொல்லி. கார்ன்ஸும் நெக்ரோனியும் அதற்குள் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகியிருந்தது. இன்றும் உரிமையில் லைமன், லெவி பெயர்கள்தான். நீங்கள் யூடியூபில் பார்த்த குறிப்பு அங்கிருந்து வந்ததுதான்.