குடல் சுவர் என்சைமைப் பொடி குடித்து அடக்க முடியுமா?

கேள்வி (செந்தூல் வாசகி): அம்மாவுக்கு 61 வயது. சர்க்கரைக்கு மெட்பார்மின் சாப்பிடுகிறார். நான்கு மாதமாக வயிற்றுப்போக்கு. 'மேட்ரிப்டேஸ்' என்ற என்சைம் குடல் சுவரை அரிக்கிறதாம். அதை அடக்கப் பொடி இருக்கிறது, டப்பா 280 ரிங்கிட் என்கிறார் ஒரு ஏஜண்டு. வாங்கலாமா?

பதில்: வேண்டாம் சகோதரி. அந்தப் பெயரில் ஒரு என்சைம் உண்டு. மற்றதெல்லாம் வியாபாரம்.

குடலின் உட்புறச் செல்கள் நம் தாமான் வரிசை வீடுகளைப் போல ஒட்டி நிற்கின்றன. வாசல், சாப்பாடு போகும் தெருவைப் பார்த்தபடி. பின்பக்கம் ரத்தக் குழாய்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவே உள்ள சந்து வாசலருகே இறுக அடைபட்டிருக்கும். கணையத்திலிருந்து வரும் டிரிப்சினோஜனை வெட்டி, புரதத்தைச் செரிக்கும் டிரிப்சினாக்கும் என்டரோபெப்டிடேஸ் என்ற என்சைம், சிறுகுடலின் தொடக்கத்தில் வாசல் பக்கம் இருக்கிறது. மேட்ரிப்டேஸ் அப்படியில்லை. அது பெரும்பாலும் பக்கச் சுவரிலும் பின்பக்கமும்தான். அதைப் பிடித்து அடக்கும் ஹெச்ஏஐ-1 என்ற புரதமும் அதே பக்கத்துச் சவ்வில் காவல் இருக்கிறது. குடிக்கிற பொடி தெருவோடு போய்விடும். அதில் இருப்பது புரதமென்றால் பெரும்பாலும் வழியிலேயே செரித்துவிடும்.

இன்னொன்று. இந்த என்சைம் சுவரை அரிப்பதில்லை, இறுக்கமாக வைத்திருக்க உதவுகிறது. 2002இல் வெளியான ஆய்வில், இது இல்லாமல் பிறந்த எலிக்குட்டிகள் தோலின் தடுப்பு சரியாக அமையாமல் இரண்டு நாளில் இறந்தன. அதை அடக்கி என்ன லாபம்?

ஒரு விதிவிலக்கு உண்டு, அதைத்தான் ஏஜண்டுகள் படம் போட்டுக் காட்டுவார்கள். மேட்ரிப்டேஸை அடக்கும் ஹெச்ஏஐ-2 என்ற இன்னொரு தடுப்பானின் மரபணு, ஸ்பின்ட்2, இரு பிரதியிலும் பழுதானால் பிறவிச் சோடியம் வயிற்றுப்போக்கு வரும். அது மிக அரிது. பிறந்த நாள் முதலே தண்ணீராகப் போகும்; குழந்தைக்கு உப்பும் நீரும் ரத்தக் குழாய் வழியே ஏற்ற வேண்டியிருக்கும். மரபணுச் சோதனையில்தான் உறுதியாகும். அதற்கும் பொடி மருந்தில்லை. 61 வயதில் தொடங்கியது அதுவாக இருக்காது.

டப்பாவில் 'எம்ஏஎல்' எண், அதாவது மலேசிய மருந்துப் பதிவு எண், இருக்கிறதே என்பார்கள். 'டி', 'என்' என்று முடிந்தால் அது பாரம்பரிய மருந்து அல்லது சத்துப் பொருள். நோயைக் குணமாக்கும் என்ற சான்று அல்ல. மருந்து விளம்பரத்துக்கு 1956ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. ஆனாலும் வாட்ஸ்அப்பில் தினமும் வருகிறது, தட்டிக் கேட்க ஆளில்லை. ஸ்பெஷலிஸ்டைப் பார்க்க மாதக்கணக்கில் காக்க வைத்தால், சனங்கள் ஏஜண்டிடம் போகாமல் என்ன செய்வார்கள்?

நான் முதலில் சந்தேகப்படுவது மெட்பார்மினைத்தான். வயிற்றுப்போக்கு அதன் சகஜமான பக்கவிளைவு, வருடக்கணக்கில் சாப்பிட்ட பிறகும் வரலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள். மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றலாமா, அளவைக் குறைக்கலாமா என்று கிளினிக் டாக்டரிடம் கேளுங்கள். மலத்தில் ரத்தம், எடை இறக்கம், இரவில் எழுப்பும் வயிற்றுப்போக்கு இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த அப்பாய்ன்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அந்த வாரமே போங்கள். குழாய்க் கேமரா விட்டுக் குடலைப் பார்க்கும் 'ஸ்கோப்' தேவையா என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்.