கிலோக் கூலிக்கு வருகிறவர்களும் ஆள் கணக்குத்தான்

கேள்வி: அக்கா, மண்டபத்தில் சின்னதாக நண்டு கம்பெனி வைத்திருக்கிறேன். அவித்த நண்டை உடைத்துச் சதை எடுக்க 18 பெண்கள் வருகிறார்கள், கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. எடை போட, ஐஸ் உடைக்க, வண்டி ஓட்ட என்று 5 ஆண்கள் மாதச் சம்பளத்துக்கு இருக்கிறார்கள். 20 பேர் இருந்தால்தான் பி.எஃப். என்கிறார்கள். எனக்குச் சம்பள ஆள் 5 பேர்தானே? அப்படியே கணக்கில் வந்தாலும், பாதிப் பேரை என் மனைவி பெயரில் வேறு கம்பெனி என்று காட்டிவிடலாம் என்கிறார் கணக்கு எழுதுகிறவர். மீன்பிடித் தடைக்காலத்தில் 10, 12 பேர்தான் வருவார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.
— பெயர் வேண்டாம், மண்டபம்

பதில்: உங்களிடம் வேலை செய்வது 23 பேர். மாதச் சம்பளமா, நாள் கூலியா, கிலோக் கூலியா, ஏஜென்ட் கூட்டிவந்தவரா என்று பி.எஃப். சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை. உங்கள் கம்பெனி வேலையைச் செய்து கூலி வாங்குகிறவர் எல்லாரும் ஆள் கணக்குத்தான். என்றைக்கு 20 தொட்டதோ அன்றிலிருந்தே பி.எஃப். உண்டு. அப்புறம் தடைக்காலத்தில் 10 ஆகக் குறைந்தாலும் அது விட்டுப் போகாது. 2025 நவம்பர் 21 முதல் பழைய தொழிலாளர் சட்டங்கள் நான்கு தொகுப்புகளாகிவிட்டன, எல்லாம் மாறிவிட்டது என்று யாராவது சொல்லியிருப்பார்கள். இந்த 20 மாறவில்லை, இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டுக்கான 10 பேரும் மாறவில்லை.

மனைவி பெயரில் பிரிக்கிற யோசனையை விட்டுவிடுங்கள். ஒரே கொட்டகை, ஒரே கொப்பரை, ஒரே தராசு, வாங்குகிற ஏற்றுமதிக்காரரும் ஒருவரே என்றால், பெயர்ப்பலகை இரண்டு வைத்தாலும் அதிகாரிகள் இரண்டையும் சேர்த்து ஒன்றாகத்தான் பார்ப்பார்கள். அப்படிச் சேர்த்துவிட்டால் பழைய பாக்கிக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, அதற்கு மேல் தண்டத்தொகை. இதைவிடப் பெரிய அடி ஒன்று உண்டு, அதைப் பல பேர் உங்களிடம் சொல்ல மாட்டார்கள். கடந்துபோன மாதங்களுக்குத் தொழிலாளியின் பங்கை இப்போது அவர் கூலியில் பிடிக்க முடியாது. அவருடைய 12 சதவீதமும் உங்களுடைய 12 சதவீதமும் உங்கள் கையிலிருந்துதான் போகும்.

ஒழுங்காகக் கட்டினால் எவ்வளவு என்று பார்ப்போம். மாதம் 9,000 ரூபாய்க்கு வேலை செய்கிற பெண்ணுக்கு அவர் பங்கு 1,080, உங்கள் பங்கு 1,080, காப்பீட்டுக்கும் நிர்வாகக் கட்டணத்துக்குமாக இன்னொரு 90. இ.எஸ்.ஐ.க்கு உங்கள் பங்கு 3.25 சதவீதம், அதாவது 292 ரூபாய் 50 காசு. அவருடையது முக்கால் சதவீதம். 18 பேருக்கும் சேர்த்து உங்களுக்கு மாதம் 26,000 ரூபாயைக் கொஞ்சம் தாண்டும். சின்னக் கம்பெனிக்கு இது சின்னப் பணம் இல்லை, எனக்கும் தெரியும். ஏற்றுமதிக்காரரிடம் கிலோ விலை பேசும்போதே இதையும் சேர்த்துப் பேசுங்கள். ஐஸுக்கும் டீசலுக்கும் விலை வைத்துப் பேசுகிறோம், ஆளுக்கு மட்டும் ஏன் வைப்பதில்லை?

என் அம்மா 11 வருஷம் ஒரு கம்பெனியில் இறால் தலை கிள்ளினார். விடியக் காலை 4 மணிக்கு வேன் வரும். ஐஸ் தண்ணீரில் ஊறி ஊறி விரல் நுனியெல்லாம் வெளுத்து, நகக்கண் வெடித்து, வீட்டில் புளி கரைக்கக்கூட என்னைக் கூப்பிடுவார். அத்தனை வருஷத்தில் அவர் பெயர் ஏறிய இடம் எடை போடுகிறவரின் பாக்கெட் நோட்டு மட்டும்தான், அதையும் சனிக்கிழமை கூலி கொடுத்ததும் கிழித்துவிடுவார்கள். பி.எஃப். பதிவு இருந்து, வேலையில் இருக்கும்போதே ஒருவர் இறந்துபோனால், ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலே குடும்பத்துக்கு ஓய்வூதியம் உண்டு, காப்பீடாக 7 லட்சம் வரை கிடைக்கும். உங்கள் 18 பேரில் யாருக்கு அது தேவைப்படும் என்று நமக்குத் தெரியாது.

ஆகவே நாளைக்கே ஒரு கட்டு நோட்டு வாங்குங்கள். தேதி, பெயர், எத்தனை கிலோ, எவ்வளவு கூலி என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பதிவு இணையத்திலேயே செய்யலாம். ஒவ்வொரு மாதப் பணமும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் போய்விட வேண்டும்.

கேள்வி: ராமேஸ்வரத்தில் லாட்ஜ் நடத்துகிறேன். ரூம் வேலைக்கு வடமாநிலப் பையன்கள் 6 பேர். தை அமாவாசை, ஆடி அமாவாசைக் கூட்டத்தில் சொல்லாமல் ஓடிவிடுகிறார்கள். அதனால் ஒரு மாதச் சம்பளத்தையும் ஆதார் கார்டையும் பிடித்து வைத்துக்கொள்கிறேன். தப்பா?

பதில்: தப்புதான். இரண்டையும் இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். வேலையை விட்டுப் போனால், நீங்கள் அனுப்பினாலும் சரி அவராகப் போனாலும் சரி, இரண்டு வேலை நாளுக்குள் முழுக் கணக்கும் முடிக்க வேண்டும் என்பது இப்போதைய சட்டம். வேலையில் சேரும்போது நியமனக் கடிதமும் கொடுத்துவிடுங்கள், ரூம் பையனாக இருந்தாலும். அமாவாசைக்கு முதல் நாள் ராத்திரி தொடங்கி மறுநாள் மத்தியானம் வரை அக்னி தீர்த்தக் கூட்டத்துக்கு ரூம் கழுவிக் கொடுக்கிற பையனுக்கு, கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் கொடுத்துப் பாருங்கள், வாரத்தில் ஒரு நாள் லீவும் விடுங்கள். என் அனுபவத்தில் ஓடுகிறவர்களில் பாதிப் பேர் தூக்கத்துக்காகத்தான் ஓடுகிறார்கள்.

கேள்வி: கீழக்கரையில் ஜவுளிக்கடை. மொத்தம் 11 பேர், அதில் 7 பெண்கள். எல்லாரும் ஒரே குடும்பம் மாதிரி. புகார்க் கமிட்டி எல்லாம் வைக்கணுமா?

பதில்: வைக்கணும். 10 பேர் ஆகிவிட்டால் பாலியல் தொந்தரவுப் புகார்களுக்கு உள் குழு கட்டாயம், வைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். மூத்த பெண் ஊழியர் தலைமை, பாதிப் பேராவது பெண்கள், வெளியாள் ஒருவர். குடும்பம் மாதிரி இருக்கிற இடத்தில்தான் வாய் திறப்பது இன்னும் கஷ்டம் பாய். அப்படியே இன்னொன்றும் பாருங்கள், 2021இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தத்தின்படி கடையில் வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை இருக்க வேண்டும். கவுண்டருக்குப் பின்னால் நாலு ஸ்டூல் போடுங்கள். போட்டுவிட்டு, உட்கார்ந்தால் முறைக்காதீர்கள்.

கேள்வி: தங்கச்சிமடத்தில் ஐஸ் பிளான்ட், 7 பேர் வேலை. போன மாதம் ஒருத்தர் ஐஸ் பாரைக் கொக்கி போட்டு இழுக்கும்போது வழுக்கி விழுந்து முழங்கை உடைந்துவிட்டது. ஆஸ்பத்திரி செலவுக்கு 10,000 கொடுத்து, ‘என் கவனக்குறைவால் விழுந்தேன், இனி எதுவும் கேட்க மாட்டேன்’ என்று ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி வாங்கிவிட்டேன். இது போதும்தானே?

பதில்: அந்த ஸ்டாம்ப் பேப்பர் செல்லாது. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கினால் சட்டப்படி அது வெற்றுத் தாள். கவனக்குறைவு என்ற பேச்சும் எடுபடாது. பார் இழுக்கிற தரை எப்போதும் ஈரம், உப்பு வேறு கசியும், ரப்பர் செருப்போடு 50 கிலோவை இழுக்கிறவர் விழுவது அதிசயமா?

7 பேர் என்பதால் உங்களுக்கு இ.எஸ்.ஐ. கட்டாயமில்லை, அதனால்தான் முழுப் பொறுப்பும் நேராக உங்கள் தலையில் விழுகிறது. மருத்துவச் செலவு ஆன அளவுக்கு முழுவதும் கொடுக்க வேண்டும். குணமாகும்வரை மாதச் சம்பளத்தில் 25 சதவீதத்தை அரை மாதத்துக்கு ஒரு முறை தர வேண்டும்: 14,000 சம்பளம் என்றால் ஒவ்வொரு தடவையும் 3,500. கை நிரந்தரமாக மடங்காமல் போனால் அது தனிக் கணக்கு. இதே விபத்தில் 35 வயதுக்காரர் ஒருவர் இறந்திருந்தால், 15,000 சம்பளத்துக்கு 14,77,950 ரூபாய் வந்திருக்கும். பாதிச் சம்பளத்தை, சட்ட அட்டவணையில் அந்த வயதுக்குரிய 197.06ஆல் பெருக்கினால் வருகிற தொகை அது. ஒரு மாதம் தாண்டியும் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டியும் சேரும். இதற்கென்றே பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளில் பாலிசி இருக்கிறது, மற்ற 6 பேருக்காவது இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.

இப்போதைக்கு அவர் வீட்டுக்குப் போய் ஆஸ்பத்திரி பில்லை எல்லாம் வாங்கிப் பாருங்கள், 10,000 போக மீதியைக் கொடுங்கள். இன்னும் எத்தனை வாரம் வேலை செய்யக் கூடாது என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, அதுவரைக்குமான பணத்தை அவர் வங்கிக் கணக்கிலேயே போடுங்கள். தரையில் சொரசொரப்பான பாய் போட எவ்வளவு ஆகும் என்பதையும் விசாரியுங்கள்.