தாமதமே இல்லாத பிரபஞ்சம்: பாம்பன் கேள்விகளும் பதில்களும்

செய்தி எவ்வளவு தொலைவுக்கும் கொஞ்சங்கூட நேரம் ஆகாமல் போய்ச் சேரும் பிரபஞ்சம் ஒன்று இருந்தால், அங்கே இயற்பியல் எப்படி இருக்கும்? பாம்பனில் மாலை வகுப்பில் இதைப் பேசினேன். வந்தவர்கள் எழுதிக் கொடுத்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

சார், வயர்லெஸ்ல பேசினா இப்பவே உடனே கேட்குதே. அதுக்கு மேல என்ன உடனடி? (விசைப்படகு ஓட்டுநர், தங்கச்சிமடம்)

அண்ணே, உடனே கேட்பது போலத் தோன்றுகிறது, அவ்வளவுதான். ரேடியோ அலை விநாடிக்கு ஏறக்குறைய மூன்று லட்சம் கிலோமீட்டர் போகிறது. கரையிலிருந்து 30 கி.மீ. தள்ளி இருக்கும் படகுக்கு ஒரு மில்லி விநாடியில் பத்தில் ஒரு பங்குதான் ஆகும். அதுவே செவ்வாய்க்கு என்றால் கிரகம் இருக்கும் இடத்தைப் பொறுத்து 3 நிமிடத்திலிருந்து 22 நிமிடம் வரை ஆகிவிடும்.

உங்கள் படகின் ஜி.பி.எஸ். இந்தத் தாமதத்தை நம்பித்தான் ஓடுகிறது. 20,200 கி.மீ. உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோளின் சிக்னல், நேர் உச்சியிலிருந்து வந்தாலும் 67 மில்லி விநாடி எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு செயற்கைக்கோளும் எவ்வளவு தாமதமாகக் கேட்கிறது என்பதை வைத்துத்தான் கருவி இடத்தைக் கணக்கிடுகிறது. மைக்ரோ விநாடி ஒன்று பிசகினால் 300 மீட்டர் தப்பும். கச்சத்தீவுப் பக்கம் தொழில் பார்க்கிறவருக்கு அந்த 300 மீட்டர் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. தாமதம் பூஜ்யம் ஆகிவிட்டால் எல்லாச் செயற்கைக்கோளும் ஒரே தூரத்தில் இருப்பதுபோல் ஆகும். கருவிக்கு அளக்க ஒன்றும் இருக்காது.

ஒளியோட வேகத்தை முடிவிலி ஆக்கிட்டா போதாதா சார்? மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டுமே. (பிளஸ் டூ மாணவி, மண்டபம்)

இருக்காதும்மா. இந்த இடத்தில் நிதானமாக யோசிக்க வேண்டும். ஒளிவேகம் ஒளிக்கு மட்டும் சொந்தமான எண் இல்லை. மின்காந்தத்தின் அடிப்படை விதிகளான மேக்ஸ்வெல் சமன்பாடுகளில் மின்சாரத்தையும் காந்தத்தையும் கட்டி வைத்திருப்பதே அந்த எண்தான். ஓடும் மின்னூட்டங்களுக்கு இடையிலான காந்த விசையை மின் விசையோடு ஒப்பிட்டால், அவற்றின் வேகத்தை ஒளிவேகத்தால் வகுத்து வர்க்கமாக்கிய அளவே தேறும். மின் விசையை இப்போது இருப்பது போலவே விட்டுவிட்டு ஒளிவேகத்தை மட்டும் எல்லையில்லாமல் கூட்டு. காந்தம் தேய்ந்து தேய்ந்து ஒன்றுமில்லாமல் போய்விடும்.

அப்புறம் மோட்டார் சுற்றாது, டைனமோ மின்சாரம் தராது, திசைகாட்டி முள் வடக்கைக் காட்டாது. 2025-இல் திறந்த புதிய பாம்பன் பாலத்தின் நடுத்துண்டை மின்மோட்டார் தூக்குகிறது. அந்த உலகில் அது அசையாது. 1914-இல் திறந்த பழைய பாலத்தை ஆட்கள் நின்று கையால் நெம்பித் திறந்தார்களே, அந்த முறை ஒன்றுதான் கைகொடுக்கும்.

இதைவிடப் பெரிய இழப்பு ஒளியே. மின்புலமும் காந்தப்புலமும் ஒன்றையொன்று பிறப்பித்துக்கொண்டு போவதைத்தான் ஒளி என்கிறோம். காந்தம் போனால் அந்த அலையும் இல்லை. ஒளியை எல்லையற்ற வேகத்தில் ஓட்டப் பார்த்தால், ஓடுவதற்கு ஒளியே மிஞ்சாது.

இதெல்லாம் பெரிய பெரிய சமாச்சாரம். என் கடைக்குள்ள என்ன மாறும்? (நகைக்கடைக்காரர், கீழக்கரை)

பாய், உங்கள் சரக்கின் நிறமே மாறும். பார்ப்பதற்கு ஏதோ ஒரு வெளிச்சம் இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். தங்க அணுவின் கருவில் 79 புரோட்டான்கள் உள்ளன. அதை ஒட்டிச் சுற்றும் எலக்ட்ரானின் வேகம் ஒளிவேகத்தில் பாதியைத் தாண்டும். வேகம் ஒளிவேகத்தை நெருங்கும்போது தலைகாட்டும் மாற்றத்தைச் சார்பியல் விளைவு என்கிறோம். அதுதான் தங்கத்தை நீல ஒளியை விழுங்க வைத்து மஞ்சளாகக் காட்டுகிறது. ஒளிவேகம் முடிவிலி ஆனால் எந்த வேகமும் அதை நெருங்காது, அந்த விளைவும் இருக்காது. அப்போது தங்கமும் வெள்ளி மாதிரிதான் இருக்கும்.

கடையில் இன்வெர்ட்டர் இருந்தால் அதன் பேட்டரியும் படுத்துவிடும். காரீய அமில செல் ஒன்று தரும் 2.1 வோல்ட்டில் சுமார் 1.7 வோல்ட் சார்பியலால் கிடைப்பது என்று 2011-இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். அதைக் கழித்தால் 12 வோல்ட் பேட்டரி இரண்டரை வோல்ட்டைத் தாண்டாது.

சரி, ஒளி அப்படியே இருக்கட்டும். உடனே போகிற வேறு ஒரு சிக்னல் தனியா இருந்தா? (கல்லூரி மாணவர், தொண்டி)

நல்ல கேள்வி தம்பி. இந்த வழியில் போனால் முட்டுவது காரண காரியத்தோடு. ஒளிவேகத்தில் 0.8 பங்கு வேகத்தில் ஒரு விண்கலம் புறப்படுகிறது. இரண்டு பக்கமும் கடிகாரத்தைப் பூஜ்யத்தில் தொடங்குகிறார்கள். பூமியில் 10-ஆவது ஆண்டில் நீ உடனடிச் செய்தி அனுப்புகிறாய். வேகமாக ஓடும் கடிகாரம் மெதுவாகப் போகும் என்பது சார்பியல். அதனால் பூமியின் கணக்குப்படி அந்தக் கணத்தில் கலத்தின் கடிகாரம் 6 ஆண்டு காட்டும். அங்கிருப்பவர் உடனே பதில் போடுகிறார். அவருக்கோ ஓடிக்கொண்டிருப்பது பூமிதான், பூமிக் கடிகாரம்தான் மெதுவாகப் போகிறது. அவருடைய 'இப்போது' என்பது பூமியில் 3.6-ஆவது ஆண்டு. பதில் அங்கே போய் இறங்குகிறது, நீ கேள்வி கேட்பதற்கு 6.4 ஆண்டு முன்பே! அதைப் படித்துவிட்டு நீ செய்தியே அனுப்பாமல் விட்டால், அந்தப் பதில் எங்கிருந்து வந்தது?

இந்தச் சிக்கலை அமெரிக்க இயற்பியலாளர் ரிச்சர்ட் டோல்மன் 1917-இலேயே விளக்கிவிட்டார். தப்பிக்க ஒரு வழி உண்டு. பிரபஞ்சம் முழுவதற்கும் ஒரே 'இப்போது' என்று வைத்து, எல்லா உடனடிச் செய்தியும் அதன்படியே போக வேண்டும் என்று விதிப்பது. முரண்பாடு தீர்ந்துவிடும். ஆனால் யார் உண்மையில் நிற்கிறார், யார் ஓடுகிறார் என்று அந்தச் சிக்னலை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். எந்த நோக்கரும் மற்றவருக்கு மேல் இல்லை என்ற 1905-ஆம் ஆண்டு ஐன்ஸ்டைனின் அடிப்படை அங்கே நிற்காது. எனக்கு அது காந்தம் போவதைவிடப் பெரிய விலையாகப் படுகிறது.

தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு நீளமா இரும்புக் கம்பி போட்டு இந்தப் பக்கம் தள்ளினா, அந்தப் பக்கம் உடனே அசையுமா? (ஏழாம் வகுப்பு, பாம்பன்)

அசையாது கண்ணு. தள்ளியது ஒரு அணுவிலிருந்து அடுத்த அணுவுக்கு என்று ஒலியாகத்தான் நகரும், இரும்பில் விநாடிக்கு சுமார் 5 கி.மீ. தூரம் ஏறக்குறைய 30 கி.மீ. என்றால் அந்த முனை அசைய 6 விநாடி ஆகும்.

குவாண்டம் பின்னல் உடனடித் தொடர்புதானே? அதற்குத்தானே நோபல் பரிசு கொடுத்தார்கள்? (ஓய்வு பெற்ற ஆசிரியர், தேவிபட்டினம்)

ஐயா, 2022-இல் ஆஸ்பே, கிளவுசர், சைலிங்கர் மூவருக்கும் பரிசு கிடைத்தது அந்தப் பின்னலைச் சோதித்துக் காட்டியதற்குத்தான். பின்னிய இரு துகள்களைத் தொலைவில் வைத்துத் தனித்தனியே அளந்தாலும், அவற்றின் முடிவுகள் வியக்கத்தக்க விதத்தில் பொருந்துகின்றன. ஆனால் ஒரு பக்கம் மட்டும் பார்ப்பவருக்கு வருவது எந்த ஒழுங்கும் இல்லாத முடிவுகளே. இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்தால்தான் பொருத்தம் தெரியும், அதற்கு ஒரு பட்டியல் சாதாரண வழியில் வந்து சேர வேண்டும். 'வலையை எடு' என்ற ஒரு சொல்லைக்கூட அதில் அனுப்ப முடியாது.

நம்ம பிரபஞ்சம் அப்படி இல்லைன்னு அளந்து பாத்திருக்காங்களா? (செவிலியர், ராமேஸ்வரம்)

அளந்திருக்கிறார்கள் அம்மா. வியாழனின் துணைக்கோள் அயோ மறையும் நேரம், பூமி விலகிப் போகும்போது தள்ளிக்கொண்டே போவதைப் பார்த்து 1676-இல் டென்மார்க் வானியலாளர் ரோமர் ஒளிக்கு நேரம் ஆகிறது என்றார். நியூட்டனின் ஈர்ப்பு மட்டும் உடனடியாகப் போவதாகவே கணக்கில் இருந்தது. 2017 ஆகஸ்ட் 17 அன்று சுமார் 13 கோடி ஒளியாண்டு தொலைவில் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய ஈர்ப்பலை இங்கே வந்தது. அதே மோதலின் காமா கதிர் வெடிப்பு, அதுவும் ஒருவகை ஒளிதான், 1.7 விநாடி கழித்து வந்தது. ஈர்ப்பு உடனடியாக வருவதாக இருந்திருந்தால், அந்த அதிர்வு ஒளிக்கு 13 கோடி ஆண்டு முன்னதாகவே பூமியைக் கடந்து போயிருக்கும்.