பெட்டி மாட்டியாச்சு, குருவி வரலையே?

பால்கனியில் மரப்பெட்டி மாட்டி ஆறு மாதம் ஆகிறது. சிட்டுக்குருவி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. என்ன குறை?
– வாசகி, தாம்பரம்

முதலில், உங்கள் தெருவில் குருவிச் சத்தம் கேட்கிறதா? சிட்டுக்குருவி வெகுதூரம் போய்க் குடியேறும் பறவை அல்ல. பக்கத்துத் தெருக்களில் ஒரு கூட்டமும் இல்லையென்றால் பெட்டி காலியாகத்தான் தொங்கும்.

குருவி இருந்தும் வரவில்லையென்றால் பெட்டியைப் பாருங்கள். துளையின் விட்டம் 3.2 முதல் 3.5 சென்டிமீட்டர் போதும். 5 சென்டிமீட்டர் இருந்தால் மைனா பிடித்துக்கொள்ளும். துளைக்குக் கீழே 12 சென்டிமீட்டராவது ஆழம் வேண்டும். இல்லாவிட்டால் காகம் அலகை நீட்டிக் குஞ்சை இழுத்துவிடும். துளையடியில் உட்காரக் குச்சி வைத்து விற்கிறார்கள். அதைப் பிடுங்கிவிடுங்கள், அது காகத்துக்குத்தான் வசதி. மேற்கு வெயில் படாத சுவரில், 8 முதல் 10 அடி உயரத்தில், மின்விசிறிக்கு எட்டாத இடமாக மாட்டுங்கள். குருவி கூட்டமாக வாழ்வது. இரண்டு மூன்று பெட்டிகளைச் சற்று இடைவெளி விட்டு வைத்தால் வரும் வாய்ப்பு கூடும்.

குருவி கூடு கட்டிவந்த ஓட்டு வீட்டின் இறவாரத்து இடுக்கு போய்விட்டது. பெட்டி ஈடுகட்டுவது அந்த இடுக்கை மட்டுமே. குஞ்சுகளுக்கு முதல் நாட்களில் புழு பூச்சிதான் சாப்பாடு. செடிகளுக்குப் பூச்சிமருந்து அடித்துக்கொண்டே பெட்டி மாட்டினால், குருவி முட்டையிட்டாலும் குஞ்சு தேறாது. மருதாணி மாதிரி அடர்ந்த புதர் ஒன்றும், மண்குளியலுக்குக் கொஞ்சம் வெற்றுமண்ணும் இருந்தால் நல்லது.

காலணி வந்த அட்டைப்பெட்டி போதுமா?
– வாசகர், கரூர்

ஒரு மழைக்குத் தாங்காது. தகரமும் மெல்லிய பிளாஸ்டிக்கும் சித்திரை வெயிலில் குஞ்சுகளை வேகவைத்துவிடும். அரை அங்குலப் பலகை நல்லது. பக்கவாட்டில் துளையிட்டு வாயை மூடிய மண்பானையும் நல்லது. உள்ளே பெயின்ட் வேண்டாம். அடியில் நீர் வடியச் சிறு துளைகள் போடுங்கள்.

செல்போன் கோபுரத்தை எடுத்தால் குருவி திரும்பிவிடும் என்கிறார்களே?
– வாசகர், மதுரை

அதற்கு உறுதியான சான்று இல்லை. 2020-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, நாடு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் சிட்டுக்குருவி எண்ணிக்கை ஏறத்தாழ நிலையாக இருப்பதாகவும், சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் குறைந்து வருவதாகவும் சொன்னது. கோபுரம் இல்லாத ஊர் இன்று ஏது? பழியைக் கோபுரத்தின் மேல் போட்டுவிட்டால், இடுக்கில்லாத கண்ணாடிச் சுவரையும் புதரில்லாத தெருவையும் யாரும் பார்ப்பதில்லை. எனக்கு அதுதான் கவலை.

அடுக்ககத்தின் காற்றுப்போக்கியில் ஆந்தை குஞ்சு பொரித்திருக்கிறது. இரவெல்லாம் சீறல். அபசகுனம், விரட்டுங்கள் என்கிறார்கள்.
– குடியிருப்போர் சங்கச் செயலாளர், கோவை

இதய வடிவ வெள்ளை முகம் என்றால் அது கூகை. தயவுசெய்து விரட்டாதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் கூகையைக் காக்கிறது. முட்டையையும் குஞ்சையும் தொடுவது குற்றம். சட்டத்தை விடுங்கள், உங்கள் வளாகத்து எலிகளைக் காசு வாங்காமல் பிடிப்பது அதுதான். சீறல், பசித்த குஞ்சு இரை கேட்கும் சத்தம். கூகை முட்டைகளை இரண்டு மூன்று நாள் இடைவெளியில் இடும், முதல் முட்டையிலிருந்தே அடைகாக்கும். அதனால் குஞ்சுகள் பெரிதும் சிறிதுமாக இருக்கும். சிறியதைப் பார்த்து நோயென்று பயப்படாதீர்கள். பொரித்த இரண்டு மாதத்தில் பறந்துவிடும்.

எல்லாம் பறந்தபின் அந்த வழியை வலையால் மூடி, ஆளரவமற்ற உயரமான சுவரில் பெட்டி வையுங்கள்: அடித்தளம் 60-க்கு 40 சென்டிமீட்டர், வாசல் 15 சென்டிமீட்டர். வளாகத்தில் எலி விஷம் வைப்பதை நிறுத்துங்கள். விஷம் தின்ற எலியைத் தின்று கூகையும் சாகும்.

தேன்சிட்டுக்கும் தையல்சிட்டுக்கும் என்ன பெட்டி?
– பள்ளி மாணவி, தஞ்சாவூர்

எதுவும் வேண்டாம். தேன்சிட்டு கொடியில் தொங்கும் கூட்டைத் தானே கட்டும். தையல்சிட்டு இலையைத் தைத்துக்கொள்ளும். பெட்டிக்குள் வருபவை பொந்தில் வாழ்பவை: சிட்டுக்குருவி, மைனா, குண்டுகரிச்சான், புள்ளி ஆந்தை. மற்றவற்றுக்குச் செம்பருத்தியும் கொடியும் வளர்த்துக் கொடு.

சுவிட்ச் பெட்டிக்குள் குருவி கூடு கட்டிவிட்டது. எடுத்து மரத்தில் வைக்கலாமா?
– வாசகர், புதுக்கோட்டை

இடம் மாற்றினால் தாய்ப்பறவை பெரும்பாலும் கைவிட்டுவிடும். முட்டையிட்டதிலிருந்து ஒரு மாதம் பொறுத்தால் போதும். 2020-இல் சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில் தெருவிளக்குச் சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு சிறு பறவை கூடு கட்ட, ஊரே ஒரு மாதத்துக்கு மேல் விளக்கில்லாமல் இருந்தது. உங்களுக்கு ஓர் அறை விளக்குதானே! ஃபியூஸை எடுத்துவிட்டு அப்படியே விடுங்கள்.

குஞ்சுகள் பறந்துவிட்டன. பழைய கூட்டை அப்படியே விடலாமா?
– வாசகி, நாகர்கோவில்

ஒரு வாரம் கழித்து, உள்ளே புது முட்டை இல்லையென்று பார்த்துவிட்டு, வைக்கோலை எடுத்துப் போடுங்கள். செள்ளும் உண்ணியும் அதில்தான் தங்கும். பெட்டியை வெந்நீரில் கழுவி, நன்றாகக் காயவிட்டு, அதே ஆணியில் மாட்டுங்கள். சிட்டுக்குருவி ஆண்டில் பல ஈடு முட்டையிடும் என்பதால் தாமதிக்க வேண்டாம்.