கேள்வி பதில்: கடவுளுக்குக் கரைச்சல் கொடுக்கலாமா?

கிளிநொச்சிப் பக்கம் முப்பது வருடம் மறைக்கல்வி படிப்பித்தவள் நான். குருவானவர் அல்ல, தீர்க்கதரிசனமும் சொல்லமாட்டேன். செபத்தைப் பற்றிக் கேளுங்கள்.

கேள்வி: ரீச்சர், போர் முடிந்த 2009இலிருந்து மகனைத் தேடுகிறேன். செபமாலையைக் கையில் எடுத்தாலே கடவுள் மீது கோபம்தான் வருகிறது. பாவமா?

பதில்: பாவமில்லை அக்கா. 'ஆண்டவரே, நீர் என்னை ஏமாற்றிவிட்டீர்' என்று எரேமியா முகத்துக்கு நேரே சொன்னார் (20:7). புலம்பல் திருப்பாடல்களில் பெரும்பாலானவை கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்பும். 88ஆவது திரும்பவில்லை, இருட்டிலேயே முடிகிறது. அதன் அடியில் ஒரு நன்றி வரியை ஒட்டிவிட யாரும் துணியவில்லை.

எங்கள் கோவிலில் ஓர் அம்மா இருக்கிறார். கர்த்தர் கற்பித்த செபத்தில் 'உம்முடைய சித்தம்' என்ற இடம் வந்தால் வாயை மூடிக்கொள்வார். மணியை மட்டும் விரல் இறுக்கும். 'எங்கள் அனுதின உணவை' வரும்போது திரும்பச் சேர்ந்துகொள்வார். முதல் வருடம் நான் அவரைத் திருத்தப் பார்த்தேன், என் மடத்தனம். அவர் சொல்லாமல் விடும் அந்த வரிதான் அந்தக் கோவிலிலேயே உண்மையான செபம் என்று இப்போது நினைக்கிறேன். கோபத்தோடேயே இருங்கள் அக்கா. மாலையைக் கீழே வைக்காதீர்கள்.

கேள்வி: ஒரே விண்ணப்பத்தை எத்தனை தரம் கேட்கலாம்?

பதில்: கணக்கில்லை. கெத்சமனியில் இயேசு மூன்றாம் தரமும் அதே வார்த்தைகளைத்தான் சொன்னார் (மத்தேயு 26:44). தன் உடலில் தைத்த முள் என்று அவர் சொன்ன வேதனையை எடுத்துவிடும்படி பவுலும் மூன்று தரம் கேட்டார், முள் எடுபடவில்லை.

கேள்வி: வட்ஸ்அப்பில் ஒருவர் 41 நாள் எனக்காகச் செபிக்கப் பதினையாயிரம் கேட்கிறார்.

பதில்: சதமும் அனுப்பாதீர்கள்.

கேள்வி: லூக்கா 18இல் விதவை விடாமல் அலட்டியதால்தான் அந்த அநீதியான நடுவன் இறங்கி வந்தான். அப்போ கடவுளும் அப்படித்தானா ரீச்சர்?

பதில்: இல்லைத் தம்பி. அவனே கொடுத்தானென்றால் கடவுள் கொடுக்கமாட்டாரா என்பதுதான் அங்கே வாதம். ஆனால் அந்த விதவையைச் சாதுவாக நினைக்காதீர்கள். அவள் தன்னை 'அலட்டுவாள்' என்று நடுவன் பயப்படுகிறானே, கிரேக்கத்தில் அது குத்துச்சண்டைச் சொல், கண்ணுக்குக் கீழே குத்துவது. காணிக் கடிதத்தோடு கச்சேரிக்கு, அதுதான் அரசாங்க அலுவலகத்துக்கு, அலைந்தவர்களுக்கு அவளைத் தெரியும். கடற்படை பிடித்துவைத்திருந்த தங்கள் தீவைத் திரும்பக் கேட்ட இரணைதீவுச் சனத்தையே பாருங்கள். 1992இல் இடம்பெயர்ந்தார்கள். 2017 மே மாதம் போராட்டத்தில் குந்தினார்கள். 2018 ஏப்ரல் 23 வள்ளமெடுத்துத் தீவில் இறங்கினார்கள்.

கேள்வி: அது போராட்டம். செபத்துக்கு ஏன் அந்தப் பெயரைக் கொடுக்கிறீர்கள்?

பதில்: அந்த விதவை மட்டும் வீட்டுக்குள் முழங்காலில் நின்றாளா? நடுவனிடம் திரும்பத் திரும்பப் போனாள். இயேசு செபத்துக்குச் சொன்ன உவமையே ஒரு வழக்குக்காரிதான்.

கேள்வி: செபிக்காமல் வள்ளம் மட்டும் எடுத்திருந்தாலும் போய்ச் சேர்ந்திருப்பார்கள்தானே?

பதில்: சேர்ந்திருக்கலாம். ஆனால் ஒரு வருடம் வெயிலிலும் மாரியிலும் குந்தியிருக்க எது பிடித்துவைத்தது என்று அவர்களையே கேளுங்கள். எனக்காக நீங்கள் பதில் சொல்ல வேண்டாம், அவர்களுக்காக நானும் சொல்லமாட்டேன்.

கேள்வி: ரீச்சர், ஒரு நாளைக்கு எத்தனை தரம்?

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: செபமா, ஜெபமா?

பதில்: கத்தோலிக்கர் நாங்கள் செபம் என்போம், மற்றச் சபைகளில் ஜெபம். அவருக்கு இரண்டும் கேட்கும்.

கேள்வி: மகளுக்குப் பரீட்சை வருகிறது. எத்தனை நாள் செபிக்க வேண்டும்? அந்த 41 நாள்காரரின் நம்பர் இருக்கிறதா?

பதில்: இருந்தாலும் தரமாட்டேன். பிள்ளையை நேரத்துக்கு நித்திரை கொள்ள விடுங்கள்.